நடுநிலைமை: உரிமையா, சலுகையா?

தமிழில் நடுநிலைமை என்னும் சொல் இருபொருள் குறித்து வழங்குகின்றது. திருக்குறளின் 12ஆம் அதிகாரம் நடுவுநிலைமை எனப் பெயர் பெற்றது. அங்கு கருதப்படுவது நீதியாகும். வேண்டியவர், வேண்டாதவர் என்ற வேறுபாடின்றி உண்மையின் பக்கம் நிற்பதே அதன் பொருள். நாளேடுகளின் உலகச் செய்திகளில் நாம் காணும் நடுநிலைமையோ வேறொன்று. வல்லரசுகள் தம்முள் மோதும்போது எவ்வணியிலும் சேராது, தன் மண்ணை எவருக்கும் படைத்தளமாக்காது ஒதுங்கி நிற்கும் சிறுநாட்டின் நிலை அது. முன்னையது தீர்ப்புச் சொல்வது. பின்னையது விலகி நிற்பது. ஒரே சொல் இரண்டினுக்கும் பெயராய் அமைந்தமையால் எழும் மயக்கம் சிறிதன்று. விலகி நிற்பவரெல்லாம் நீதிமான்கள் எனப் போற்றப்படுவதும், விலகி நிற்பவரெல்லாம் கோழைகள் எனத் தூற்றப்படுவதும் இம்மயக்கத்தின் விளைவுகளே.

நாம் ஈண்டு ஆராயப் புகுவது பின்னைய நடுநிலைமையையே. ஒரு சிறுநாடு நடுநிலை நாடாக இருப்பது அதன் உரிமையா? அன்றி, வல்லரசு மனமுவந்து அளித்து, வேண்டாதபோது மீளப் பறித்துக்கொள்ளும் சலுகையா? சர்வதேசச் சட்டத்தை விரித்து வைத்துக்கொண்டு இவ்வினாவுக்கு விடை காண்பது எளிது. அரசுகள் யாவும் சமமானவை. ஆகவே அணிசேர்வதும் சேராதிருப்பதும் அவ்வவற்றின் விருப்பம் என்று சொல்லி முடித்துவிடலாம். ஆயின் வரலாறு அவ்வளவு எளிதில் விடையளிப்பதில்லை. ஐரோப்பாவின் சிறுநாடுகள் சிலவற்றின் அனுபவத்தை நோக்குமிடத்து, வல்லரசுகள் நடுநிலைமையை எந்தக் கண்ணாடி கொண்டு பார்க்கின்றன என்பது புலனாகும்.

முதலில் பெல்ஜியத்தை எடுத்துக்கொள்வோம். 1839ஆம் ஆண்டு லண்டனில் செய்யப்பட்ட ஒப்பந்தத்தின்படி பெல்ஜியம் என்றென்றும் நடுநிலை நாடாக இருக்கும் என ஐரோப்பிய வல்லரசுகள் உறுதியளித்தன. அவற்றுள் பிரஷ்யாவும் ஒன்று. 75 ஆண்டுகள் சென்றபின், 1914 ஆகஸ்ட் 4ஆந் திகதி, பிரஷ்யாவின் வாரிசாகிய ஜேர்மன் பேரரசின் படைகள் பெல்ஜிய எல்லையைக் கடந்தன. அன்றைய தினம் ஜேர்மன் பாராளுமன்றத்தில் உரையாற்றிய பிரதமர் பெத்மன் ஹொல்வெக், தாம் செய்வது சர்வதேசச் சட்டத்துக்கு முரணான அநியாயம் என்பதை மறைக்கவில்லை. அவசியத்துக்குச் சட்டமில்லை என்பதே அவர் காட்டிய நியாயம். அன்று மாலை பிரித்தானியத் தூதரைச் சந்தித்தபோது, வெறும் காகிதத் துண்டொன்றுக்காகவா போர் தொடுக்கப் போகிறீர்கள் என்று அவர் வினவினார். அவர் காகிதத் துண்டு என்றது 1839ஆம் ஆண்டின் ஒப்பந்தத்தையே.

இவ்வுதாரணத்தைக் கண்டு ஆத்திரப்படுவதில் முற்போக்காளர்களாகிய நமக்குச் சிரமம் எதுவும் இல்லை. ஏகாதிபத்தியம் தன் இயல்பைக் காட்டியது என்று கூறி அப்பாற் செல்லலாம். பெல்ஜியத்துக்காகக் கண்ணீர் வடித்த பிரித்தானியா அதே வேளையில் உலகின் நாற்றிசையிலும் பிற மக்களை அடக்கி ஆண்டுகொண்டிருந்தது என்பதையும், பெல்ஜியமே கொங்கோ மக்களின் இரத்தத்தை உறிஞ்சிக்கொண்டிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லலாம். இவை யாவும் உண்மையே. ஆனால் நம் எதிரி செய்த அநீதியைக் கண்டிப்பதற்குத் தத்துவ விசாரம் தேவையில்லை. நாம் மதித்த ஒரு சக்தி அதே செயலைச் செய்யும்போது நாம் என்ன சொல்கிறோம் என்பதிலேதான் நமது அறக்கொள்கையின் உண்மை வெளிப்படும். ஆகவே 1955, 1956ஆம் ஆண்டுகளுக்குச் செல்வோம்.

இரண்டாம் உலகயுத்தம் முடிந்தபின் பத்தாண்டுகள் ஒஸ்திரியா நான்கு வல்லரசுகளின் படைகளால் ஆக்கிரமிக்கப்பட்டிருந்தது. தலைநகர் வியன்னாவும் நான்காகப் பிரிந்து கிடந்தது. 1955 ஏப்ரில் மாதத்தில் ஒஸ்திரியப் பிரதமர் யூலியஸ் ராப் தலைமையிலான குழுவொன்று மொஸ்கோவுக்குச் சென்றது. சுவிற்சலாந்தின் மாதிரியில் ஒஸ்திரியா நிரந்தர நடுநிலை நாடாக இருக்குமாயின் சோவியத் படைகள் வெளியேறும் என்ற இணக்கம் அங்கு ஏற்பட்டது. மே 15ஆந் திகதி வியன்னாவின் பெல்வெடேர் மாளிகையில் நான்கு வல்லரசுகளும் ஒஸ்திரியாவும் அரசு உடன்படிக்கையில் கைச்சாத்திட்டன. அந்நியப் படைகள் யாவும் வெளியேறிய பின்னர், ஒக்டோபர் 26ஆந் திகதி ஒஸ்திரியப் பாராளுமன்றம் நிரந்தர நடுநிலைச் சட்டத்தை நிறைவேற்றியது. எவருடைய வற்புறுத்தலுமின்றித் தன் சுயவிருப்பின்பேரில் அறிவிப்பதாக அச்சட்டம் கூறுகின்றது. அந்நாள் பின்னர் அந்நாட்டின் தேசிய தினமாயிற்று.

சோவியத் யூனியன் தன் படைகளை விருப்புடன் திருப்பி அழைத்த இந்நிகழ்ச்சி அன்றைய உலகில் நல்லெண்ணத்தின் சான்றாக வரவேற்கப்பட்டது. அவ்வாறு வரவேற்றதில் தவறில்லை. ஆயினும் அதன் காரணங்களையும் நாம் நோக்கவேண்டும். அதே ஆண்டு மே மாத முற்பகுதியில் மேற்கு ஜேர்மனி வட அத்திலாந்திக் ஒப்பந்த அமைப்பில் சேர்ந்திருந்தது. ஒஸ்திரியாவின் மேற்குப் பகுதியும் அதே வழியிற் செல்வதைத் தடுக்கவேண்டிய தேவை மொஸ்கோவுக்கு இருந்தது. ஐரோப்பாவின் வரைபடத்தை எடுத்துப் பார்ப்போமாயின், சுவிற்சலாந்தும் ஒஸ்திரியாவும் சேர்ந்து மேற்கு ஜேர்மனிக்கும் இத்தாலிக்குமிடையே ஒரு நடுநிலைச் சுவராக நீண்டு கிடப்பதைக் காணலாம். மேற்கு அணியின் வடபாகமும் தென்பாகமும் நேரே தொடர்புகொள்ள முடியாதவாறு அச்சுவர் பிரித்தது. அமெரிக்காவோ இந்நடுநிலைமையை அரைமனத்துடனேயே ஏற்றது. ஒஸ்திரியாவின் முன்மாதிரி ஜேர்மனிக்கும் தொற்றிவிடுமோ என்பது அதன் அச்சம். அடுத்த ஆண்டு யூன் மாதத்தில் அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் ஜோன் பொஸ்டர் டலஸ், மிக அபூர்வமான சந்தர்ப்பங்களில் அன்றி, நடுநிலைமை என்பது காலங்கடந்த, ஒழுக்கக்கேடான கருத்து எனப் பகிரங்கமாகவே கூறினார்.

ஆக, ஒரே நாட்டின் ஒரே நடுநிலைமை ஒரு வல்லரசுக்குச் சமாதானத்தின் வெற்றியாகவும், மற்றொன்றுக்கு ஆபத்தான நோயாகவும் தோன்றிற்று. ஒஸ்திரிய மக்கள் எதனை விரும்பினர் என்பது இரு கணக்குகளிலும் முதலிடம் பெறவில்லை. அம்மக்களின் விருப்பமும் சோவியத்தின் தேவையும் ஒரு புள்ளியிற் சந்தித்தன, ஒஸ்திரியா பிழைத்தது.

அவை சந்திக்காத இடத்தில் நிகழ்ந்தது என்ன? ஒஸ்திரியாவின் கிழக்கெல்லையைக் கடந்தால் ஹங்கேரி. 1947ஆம் ஆண்டின் சமாதான ஒப்பந்தத்தின்படி, ஒஸ்திரியாவிலுள்ள சோவியத் படைகளுக்கான போக்குவரத்து வழியைக் காப்பதற்காகவே ஹங்கேரியில் சோவியத் துருப்புகள் தங்கியிருக்க அனுமதி இருந்தது. ஒஸ்திரியாவை விட்டு அப்படைகள் வெளியேறுமாயின் ஹங்கேரியில் அவை தங்குவதற்கான சட்டக் காரணமும் மறைந்துவிடும். ஆனால் ஒஸ்திரிய உடன்படிக்கை கைச்சாத்தாவதற்கு முதல்நாள், 1955 மே 14ஆந் திகதி, வார்சோ ஒப்பந்தம் கைச்சாத்திடப்பட்டது. ஹங்கேரி அதில் ஓர் உறுப்பினர். ஒரு கதவு மூடப்படுவதற்கு முன் மறுகதவு திறக்கப்பட்டுவிட்டது. இரு திகதிகளுக்கிடையே உள்ள ஒருநாள் இடைவெளியை நாம் மறந்துவிடலாகாது.

ஹங்கேரியின் இம்ரே நாஜ் மேற்குலகின் கைக்கூலி அல்லர். பல்லாண்டுகளாகக் கம்யூனிஸ்ட் இயக்கத்தில் உழைத்தவர். மொஸ்கோவில் நீண்டகாலம் வாழ்ந்தவர். 1953 முதல் 1955 வரை தம் நாட்டின் பிரதமராக இருந்தவர். பதவியிலிருந்து நீக்கப்பட்ட காலத்தில் அவர் எழுதிய கட்டுரைகளுள் ஒன்று சர்வதேச உறவுகளின் ஐந்து கோட்பாடுகளைப் பற்றியது. பஞ்சசீலம் என நாம் அறிந்துள்ள அதே கோட்பாடுகள்தாம் அவை. 1954இல் இந்திய-சீன உடன்படிக்கையில் இடம்பெற்று, 1955இல் பாண்டுங் மாநாட்டின் வழியே ஆசிய, ஆபிரிக்க மக்களின் பொதுக் குரலாக ஒலித்தவை. அம்மாநாட்டைக் கூட்டிய ஐந்து நாடுகளுள் இலங்கையும் ஒன்று. நாஜ் கேட்ட கேள்வி எளியது. ஒருவர் இறைமையை மற்றவர் மதித்தல், உள்விவகாரத்தில் தலையிடாமை என்பன முதலாளித்துவ நாட்டுக்கும் சோஷலிச நாட்டுக்கும் இடையில் மட்டும் செல்லுபடியாகுமா? சோஷலிச நாடுகள் தமக்குள்ளே அவற்றைக் கைக்கொள்ள வேண்டாமா? இக்கேள்விக்கு மொஸ்கோவும் ஒருமுறை ஆமென்றே விடையளித்தது. 1956 ஒக்டோபர் 30ஆந் திகதி வெளியிடப்பட்ட சோவியத் அரசின் பிரகடனம், சோஷலிச நாடுகளுக்கிடையிலான சமத்துவத்தையும் தலையிடாமையையும் ஏற்று, படைகளைத் திருப்பி அழைப்பது பற்றிப் பேசவும் முன்வந்தது.

மறுநாளே அம்முடிவு மாறிற்று. புதிய துருப்புகள் எல்லையைக் கடந்து வருவதை அறிந்த நாஜ், நவம்பர் 1ஆந் திகதி சோவியத் தூதர் அந்திரோப்பவை அழைத்து விளக்கம் கேட்டார். திருப்தியான விடை கிடைக்காமற் போகவே, வார்சோ ஒப்பந்தத்திலிருந்து ஹங்கேரி விலகுவதாகவும், ஹங்கேரி நடுநிலை நாடெனவும் அன்று மாலை வானொலியில் அறிவித்தார். மூன்று நாட்கள் கழிந்தன. நவம்பர் 4ஆந் திகதி அதிகாலை சோவியத் தாங்கிகள் புடாபெஸ்ற் நகரினுட் புகுந்தன. ஏறக்குறைய 2,500 ஹங்கேரியர் அக்கிளர்ச்சியில் மாண்டனர். சோவியத் படைவீரர் எழுநூற்றுவர் வரை உயிரிழந்தனர். யூகோஸ்லாவியத் தூதரகத்திற் புகலடைந்த நாஜ், பாதுகாப்பு அளிக்கப்படும் என்ற உறுதிமொழியை நம்பி நவம்பர் 22ஆந் திகதி வெளியே வந்தார்; உடனே கைதாகி ருமேனியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். 1958 யூன் 16ஆந் திகதி தூக்கிலிடப்பட்டார்.

ஓராண்டு இடைவெளியில், அடுத்தடுத்த இரு நாடுகளில், ஒரே வல்லரசு இரு வேறு வகையில் நடந்துகொண்டது. ஒன்றன் நடுநிலைமையைத் தானே வேண்டிப் பெற்றது. மற்றதன் நடுநிலைமையைத் தாங்கிகளால் நசுக்கியது. இவ்வேறுபாட்டின் காரணம் யாது? நடுநிலைமையின் உள்ளடக்கத்தில் வேறுபாடில்லை. மக்கள் விருப்பின் ஆழத்திலும் வேறுபாடில்லை. எந்த அணியிலிருந்து ஒரு நாடு விலகுகிறது என்பதே ஒரே வேறுபாடு. எதிரியின் கைக்குப் போகக்கூடிய நிலத்தை நடுநிலைமை தடுத்தால் அது சமாதானம். தன் கையில் உள்ள நிலத்தை அது விடுவித்தால் அது துரோகம். இதுவே வல்லரசின் கண்ணாடி. டலஸ் அணிந்திருந்ததும் இதே கண்ணாடிதான். யூன் மாதத்தில் நடுநிலைமையை ஒழுக்கக்கேடென்று பழித்த அரசு, நவம்பர் மாதத்தில் நடுநிலை ஹங்கேரிக்காக ஐக்கிய நாடுகள் சபையில் உருகிப் பேசியது. பேசியதற்கு மேல் எதுவும் செய்யவுமில்லை.

நம் தோழர்கள் சிலர் இங்கு எழுப்பக்கூடிய ஆட்சேபங்களை நாம் புறக்கணிக்க முடியாது. அவை மூன்று வகைப்படும்.

முதலாவது, பாதுகாப்புப் பற்றியது. நாசிப் படையெடுப்பில் சோவியத் மக்கள் ஏறத்தாழ 2 கோடி 70 இலட்சம் பேர் மாண்டனர். அப்படையெடுப்பில் ஹிட்லருடன் சேர்ந்து வந்த நாடுகளுள் ஹங்கேரியும் ஒன்று. பதினைந்து ஆண்டுகளே சென்றிருந்த நிலையில் அவ்வழி மீண்டும் திறந்துவிடுமோ என்று ஒரு மக்கள் அஞ்சினால், அவ்வச்சத்தை நாம் ஏளனம் செய்யலாகாது. அச்சம் உண்மையானது. ஆனால் உண்மையான அச்சத்துக்கு என்ன பரிகாரம் என்பதை மொஸ்கோவே ஓராண்டுக்கு முன் ஒஸ்திரியாவில் காட்டியிருந்தது. ஜேர்மனியுடன் மீண்டும் இணைவதை ஒஸ்திரிய உடன்படிக்கை தடைசெய்தது. நடுநிலைச் சட்டம் இராணுவ அணிகளில் சேர்வதையும் அந்நியப் படைத்தளங்களையும் விலக்கியது. ஹங்கேரியிடமும் இத்தகைய உறுதியைக் கேட்டிருக்கலாம். நாஜ் தாமாகவே கொடுக்க முன்வந்ததும் அதுவே. அஞ்சுபவர் பூட்டுக் கேட்பது நியாயம். அயலவர் வீட்டைத் தமதாக்கிக்கொள்வது நியாயமாகாது.

இரண்டாவது, அது எதிர்ப்புரட்சி என்பது. கிளர்ச்சி நாட்களில் அட்டூழியங்கள் நிகழ்ந்தன என்பது உண்மை. ஒக்டோபர் 30ஆந் திகதி புடாபெஸ்ற் கட்சி அலுவலகத்தின் முன் சரணடைந்தவர்கள் அடித்துக் கொல்லப்பட்டனர். அக்கொலைகளுக்கு நாம் நியாயம் கற்பிக்கப் போவதில்லை. ஆனால் தாங்கிகள் புகுந்தபின் நடந்ததையும் நாம் பார்க்கவேண்டும். நவம்பர் 14ஆந் திகதி புடாபெஸ்ற் பெருநகரத் தொழிலாளர்களின் மத்திய கவுன்சில் அமைக்கப்பட்டது. ஆலைகளில் வேலைநிறுத்தம் தொடர்ந்தது. ஆலைகளை முதலாளிகளுக்குத் திருப்பிக் கொடுங்கள் என்று அக்கவுன்சில்கள் கேட்கவில்லை. அவை தொழிலாளரின் கையிலேயே இருக்கவேண்டும் என்றன. தொழிலாளர் கவுன்சில்களைக் கலைத்து, அவற்றின் தலைவர்களைச் சிறையிடும் ஓர் அரசைத் தொழிலாளர் அரசென்று அழைப்பதற்கு எத்தனை வியாக்கியானங்கள் வேண்டியிருக்கும் என்பதை வாசகர் சிந்திப்பாராக.

மூன்றாவது, சூயெஸ் பற்றியது. ஒக்டோபர் 29ஆந் திகதி இஸ்ரேல் எகிப்தின் மீது படையெடுத்தது. 31ஆந் திகதி பிரித்தானிய, பிரெஞ்சு விமானங்கள் குண்டுவீசத் தொடங்கின. அவர்கள் செய்ததைப் பாராது ஹங்கேரியைப் பற்றி மட்டும் பேசுவது நியாயமா என்பது கேள்வி. நியாயமில்லை. ஆனால் இக்கேள்வியைப் புரட்டியும் கேட்கலாம். அந்த ஒரே வாரத்தில் உலகெங்கும் இரு கூட்டத்தார் இருந்தனர். ஒரு கூட்டத்தார் புடாபெஸ்ற்றைப் பார்த்து அழுதனர்; எகிப்தின் போர்ட் செயிட் நகரைக் கண்டிலர். மறுகூட்டத்தார் போர்ட் செயிட் நகரைப் பார்த்துக் கொதித்தனர், புடாபெஸ்ற்றைக் கண்டிலர். இரு நகரங்களையும் ஒருங்கே கண்டவர் சிலரே. ஒரு குற்றம் மற்றொரு குற்றத்துக்குச் சாட்சியாகுமேயன்றி மன்னிப்பாகாது.

இச்சம்பவத்தில் நம் நாட்டுக்கும் ஒரு பங்குண்டு. நவம்பர் 4ஆந் திகதி ஐக்கிய நாடுகள் பொதுச்சபையில் சோவியத் படைகள் வெளியேறவேண்டும் என்ற தீர்மானம் நிறைவேறியபோது இந்தியாவும் இலங்கையும் வாக்களியாது ஒதுங்கின. ஆனால் 1957இல் ஹங்கேரிப் பிரச்சினையை விசாரிக்கப் பொதுச்சபை ஐந்து நாடுகள் கொண்ட விசேட குழுவொன்றை அமைத்தபோது, அவுஸ்திரேலியா, டென்மார்க், துனிசியா, உருகுவே ஆகியவற்றுடன் இலங்கையும் அதில் இடம்பெற்றது. நம் பிரதிநிதி ஆர். எஸ். எஸ். குணவர்த்தனா அதன் உறுப்பினராயிருந்தார். நூற்றுக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த அக்குழு, நிகழ்ந்தது மக்களின் தன்னியல்பான தேசிய எழுச்சி என்று அவ்வாண்டு யூன் மாதத்தில் அறிக்கை செய்தது. அதே 1957இல்தான் திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும் கட்டுநாயக்க விமானத் தளத்தையும் பிரித்தானியாவிடமிருந்து இலங்கை மீளப் பெற்றது. இவ்விரு செயல்களையும் ஒன்றுக்கொன்று முரணானவை என எண்ணுவோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. தன் மண்ணில் அந்நியத் தளம் வேண்டாமென்று சொல்லும் நாடு, பிறர் மண்ணில் அது திணிக்கப்பட்டதற்குச் சாட்சி சொல்வதில் முரண்பாடு எங்கே இருக்கின்றது?

இனி, வல்லரசு பொறுத்துக்கொண்ட நடுநிலைமையும் என்ன விலை கேட்கும் என்பதற்குப் பின்லாந்து உதாரணமாகும். 1932இல் பின்லாந்துடன் ஆக்கிரமிப்பின்மை ஒப்பந்தம் செய்துகொண்ட சோவியத் யூனியன், 1939 நவம்பர் 30ஆந் திகதி அந்நாட்டின் மீது படையெடுத்தது. தொடர்ந்த போர்களின் முடிவில் பின்லாந்து தன் நிலத்தில் ஏறத்தாழ பத்திலொரு பங்கை இழந்தது. நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் வீடிழந்து உள்நாட்டிற் குடியேறினர். 30 கோடி டொலர் நட்டஈட்டையும் 1952இற்குள் கட்டித் தீர்த்தது. 1948இல் செய்யப்பட்ட நட்புறவு ஒப்பந்தத்தின் முகவுரை, வல்லரசுகளின் முரண்பாடுகளுக்கு வெளியே நிற்கும் பின்லாந்தின் விருப்பத்தைக் குறிப்பிட்டது. அந்த ஒரு வாக்கியத்தின் மேலேயே அந்நாடு தன் வெளிநாட்டுக் கொள்கையைக் கட்டியெழுப்பிற்று.

அதன் பலன் பெரிது. பாராளுமன்றமும், தொழிற்சங்கங்களும், பலகட்சி முறையும் அங்கு அழியவில்லை. விலையும் சிறிதன்று. 1961 ஒக்டோபர் 30ஆந் திகதி, அவ்வொப்பந்தத்தின்படி இராணுவ ஆலோசனை நடத்தவேண்டும் எனச் சோவியத் அரசு குறிப்பு அனுப்பியது. ஜனாதிபதி கெக்கோனன் சைபீரியாவின் நொவோசிபிர்ஸ்க் நகருக்குச் சென்று குருஷ்சேவைச் சந்தித்தபின்னரே நெருக்கடி தணிந்தது. அதே நாட்களில், தேர்தலில் அவரை எதிர்த்து நிற்கவிருந்த ஒலாவி ஹொங்கா போட்டியிலிருந்து விலகினார். எவரும் ஆணையிடவில்லை, ஆயினும் விலகினார். பெரிய அயலவருக்கு உவப்பில்லாததைப் பேசுமுன் தம் நாவைத் தாமே அடக்கிக்கொள்ளும் பழக்கம் இவ்வாறு ஒரு சமுதாயத்தினுள் வேரூன்றியது. இவ்வளவுக்கும், பின்லாந்து நடுநிலை நாடு என்று எவ்வித நிபந்தனையுமின்றி மொஸ்கோ வாய்திறந்து சொல்வதற்கு 1989 ஒக்டோபரில் கோர்பச்சேவ் ஹெல்சிங்கிக்கு வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சலுகையை அளிப்பவர் அதற்கு உரிமை என்ற பெயரைக் கொடுக்க விரும்புவதில்லை.

தூரத்திலே பத்திரமாக இருந்துகொண்டு பின்லாந்தின் பணிவை ஏளனம் செய்தவர் மேற்குலகில் பலர். ஆயிரத்துக்கு மேற்பட்ட கிலோமீற்றர் நீளமான எல்லையை ஒரு வல்லரசுடன் பகிர்ந்துகொள்ளும் சிறு தேசமொன்று தன் மக்களின் உயிரையும் சுயாட்சியையும் காக்கச் செய்யும் கணக்கை எள்ளி நகையாடுவது எளிது. நாம் அதனைச் செய்யமாட்டோம். அதேவேளை, அப்பணிவை நட்புறவின் முன்மாதிரி என்று போற்றவும் மாட்டோம்.

சோவியத் யூனியன் 1991இல் மறைந்தது. வல்லரசின் கண்ணாடி மறையவில்லை. 1990 யூலையில் வெளியிடப்பட்ட இறைமைப் பிரகடனத்தில் உக்ரேயின் தான் நிரந்தர நடுநிலை நாடாக விரும்புவதாகக் கூறியது. 2010இல் அணிசேராமையைச் சட்டமாகவும் ஆக்கிற்று. அச்சட்டம் நடைமுறையிலிருந்த காலத்திலேயே, 2014இல், ரஷ்யா கிரைமியாவைத் தன்னுடன் இணைத்துக்கொண்டது. அவ்வாண்டு டிசம்பரிலேயே உக்ரேயின் அச்சட்டத்தைக் கைவிட்டது. 2022 பெப்ரவரியில் முழுப்போர் மூண்டபோது, உக்ரேயின் நடுநிலை நாடாக வேண்டும் என்பது ரஷ்யாவின் கோரிக்கைகளுள் ஒன்றாயிருந்தது. இருந்தபோது மதியாததை இழந்தபின் கேட்பது விந்தையான கோரிக்கையே. இதைக் கண்ட பின்லாந்து 2023 ஏப்ரில் 4ஆந் திகதியும், சுவீடன் 2024 மார்ச் 7ஆந் திகதியும் வட அத்திலாந்திக் அமைப்பிற் சேர்ந்தன. இராணுவ அணிகள் பெருகுவதை நாம் வரவேற்கவில்லை. அவ்வமைப்பு கிழக்கு நோக்கி விரிந்தமையில் வாஷிங்டனின் கணக்கு இல்லையென்றும் சொல்லவில்லை. ஆனால் நடுநிலைமையைக் கொன்றவர் யார் என்று கேட்டால், அதனை நம்பியிருந்தவர்களுக்கு அது பயன்படாது என்று நிரூபித்தவரையே முதலிற் சுட்டவேண்டும்.

இதுகாறும் கூறியவற்றால் நடுநிலை நாடுகள் யாவும் குற்றமற்றவை என்று நாம் வாதிடுவதாக எவரும் கொள்ளற்க. இரண்டாம் உலகயுத்தத்தின்போது சுவிற்சலாந்தின் தேசிய வங்கி நாசி ஜேர்மனியின் மத்திய வங்கியிடமிருந்து 120 கோடி பிராங் பெறுமதியான தங்கத்தை வாங்கியது. அதிற் பெரும்பகுதி ஆக்கிரமிக்கப்பட்ட நாடுகளின் வங்கிகளிலிருந்து கொள்ளையடிக்கப்பட்டது. அதே நாட்டின் எல்லையில், உயிர்தப்பி வந்த யூதர்கள் ஆயிரக்கணக்கில் திருப்பி அனுப்பப்பட்டனர். தராசை ஏந்தி நிற்பதற்கும் கடையை விரித்து வைப்பதற்கும் வேறுபாடுண்டு.

இதற்கு மாறான ஒரு காட்சியை 1956ஆம் ஆண்டின் குளிர்காலம் நமக்குக் காட்டுகின்றது. சோவியத் படைகள் வெளியேறி ஓராண்டே ஆகியிருந்த ஒஸ்திரியா, போரின் அழிவிலிருந்து முற்றாக மீளாத ஏழைநாடு. ஹங்கேரியிலிருந்து தப்பியோடிய ஏறத்தாழ 1,80,000 மக்களுக்கு அது தன் எல்லையைத் திறந்துவிட்டது. துருப்புகளை அனுப்பவில்லை, எவருக்கும் தளம் கொடுக்கவுமில்லை. தன் நடுநிலைச் சட்டத்தின் ஓர் எழுத்தையும் அது மீறவில்லை. ஆயினும் எது அநியாயம் என்பதில் அது மௌனமாயிருக்கவில்லை.

இங்கேதான் நாம் தொடக்கத்திற் கூறிய இரு பொருள்களும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. படைக்கலத்தில் விலகி நிற்பது ஒரு நாட்டின் உரிமை. அவ்வுரிமை அரசுகளின் சமத்துவத்திலிருந்தும், தன் மண்ணைப் பிறர் போர்க்களமாக்குவதை மறுக்க மக்களுக்குள்ள உரிமையிலிருந்தும் பிறக்கின்றது. அதனை வல்லரசு வழங்கவுமில்லை. ஆகவே பறிக்க அதற்கு உரித்துமில்லை. ஆனால் தீர்ப்புச் சொல்வதிலிருந்து விலகி நிற்பது உரிமையன்று. ஆயுதத்தில் நடுநிலை வகிக்கும் நாடு மனச்சாட்சியில் நடுவுநிலைமை தவறாதிருக்கும்போதுதான் அதன் விலகல் அறமாகின்றது. அவ்வாறன்றேல் அது வெறும் பிழைப்பு.

நாடுகளுக்கு மட்டுமன்றி, உலக விவகாரங்களைப் பற்றிக் கருத்துச் சொல்லும் நமக்கும் இது பொருந்தும். முற்போக்காளர் என்போர் ஏதேனுமொரு தலைநகரத்தின் பிரதிநிதிகள் அல்லர். ஒரு வல்லரசின் செயலைப் பற்றித் தீர்மானிக்குமுன் நாம் செய்யத்தக்க ஒரு சிறு பரீட்சை உண்டு. சம்பவத்தின் விவரங்கள் யாவற்றையும் அப்படியே வைத்துக்கொண்டு, வல்லரசின் பெயரை மட்டும் மாற்றி எழுதிப் பார்க்கவேண்டும். புடாபெஸ்ற்றுக்குள் வந்தவை அமெரிக்கத் தாங்கிகளாயின் நாம் என்ன சொல்லியிருப்போம்? எகிப்தின்மீது குண்டுவீசியவை சோவியத் விமானங்களாயின் லண்டன் பத்திரிகைகள் என்ன எழுதியிருக்கும்? பெயரை மாற்றியதும் தீர்ப்பு மாறுமாயின், நாம் அதுவரை கூறியது தீர்ப்பன்று; கட்சி.

வகுப்பறையில் உலக வரலாற்றைப் படிக்கும் மாணவரிடமும் இப்பரீட்சையை நாம் ஒப்படைக்கலாம். 1955 மே மாதத்தின் 14ஆம், 15ஆம் நாட்களைக் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதி, ஒஸ்திரியாவுக்குக் கிடைத்தது ஹங்கேரிக்கு ஏன் கிடைக்கவில்லை என்று அவர்களைக் கேட்போம். வல்லரசுகளின் நலன் என்று அவர்கள் கூறும் விடை சரியானதே. அதன்பின் இன்னொன்றையும் கேட்போம்: கிடைத்திருக்க வேண்டுமா, இல்லையா? முதல் விடையோடு நின்றுவிடும் கல்வி, உலகம் எவ்வாறு இருக்கிறது என்பதை மட்டுமே கற்பிக்கும். அதனை மாற்ற விரும்புவோர் இரண்டாவது கேள்விக்கும் விடை சொல்லியே ஆகவேண்டும்.